சுவையும் அறமும்: புல்மோட்டைச் சிறாரின் போசாக்குக் கல்வி பற்றிய ஒரு நோக்கு

மனிதன் கற்றுக்கொள்பவற்றுள் மிக முற்பட்டது சுவை. எழுத்தையும் எண்ணையும் பிள்ளை ஐந்து வயதளவிற் கற்கத் தொடங்குகின்றது. எது இனியது, எது கசப்பது, எது உண்ணத்தக்கது, எது விலக்கத்தக்கது என்பவற்றையோ அது பேசத் தொடங்குமுன்னரே கற்றுவிடுகின்றது. இத்துணை முற்பட்டதும் ஆழமானதுமாகிய இக்கல்வியைப் பற்றி அறவியலார் விரிவாகப் பேசுவதில்லை. உணவு உடலைச் சார்ந்தது, அறம் உள்ளத்தைச் சார்ந்தது என்னும் பிரிவினையே இதற்குக் காரணம் எனலாம். ஆயின் பழையோர் இப்பிரிவினையை முற்றாக ஏற்றவரல்லர். வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருந்தின் பெயர்களைக் கூறாது, உண்ணும் அளவையும் முறைமையையுமே பெரிதும் வற்புறுத்துகின்றார். இன்புறத்தக்கவற்றில் இன்புறவும் வருந்தத்தக்கவற்றில் வருந்தவும் இளமையிலிருந்தே பழக்கப்படுதலே உண்மைக் கல்வி என்று அரிஸ்டோட்டில் தம் அறவியல் நூலிற் கூறி, அக்கருத்துக்குப் பிளேற்றோவைத் துணைக்கழைக்கின்றார். சுவை என்பது வெறும் நாவின் செய்தியன்று, பழக்கத்தின் செய்தி. பழக்கம் அறத்தின் வாயில்.

இவ்வடிப்படையில் நோக்கும்போது, ஆரம்பப் பிரிவு மாணவருக்குப் பசிய மரக்கறிகளையும் இலைக்கறிகளையும் அறிமுகப்படுத்தும் போசாக்குக் கல்வி, சுகாதாரத் துறையினரின் அலுவல் மாத்திரம் அன்று என்பது தெளிவாகும். அதனுள் மூன்று அறவியல் வினாக்கள் அடங்கியுள்ளன. ஒரு பிள்ளையின் சுவையை மாற்றியமைக்கும் உரிமை பிறருக்கு உண்டா? உண்டாயின், அவ்வுரிமை வீட்டுக்கா பாடசாலைக்கா உரியது? பாடசாலைக்கும் உரியதாயின், வாங்கி உண்ண வழியில்லாத பிள்ளைக்கு ‘இதனை உண்’ என்று கற்பிப்பது நேர்மையாகுமா? இவ்வினாக்களை வெறும் கருத்துலகில் வைத்து ஆராய்வதிலும், ஓர் ஊரை முன்னிறுத்தி ஆராய்வது பயன்தரும். திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள புல்மோட்டை அதற்கு ஏற்ற ஊராகும்.

திருகோணமலை நகரிலிருந்து கரையோரமாக வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேற் செல்லப் புல்மோட்டை வரும். குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த இவ்வூரில் முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையினர். கிழக்கே கடல், வடக்கே கொக்கிளாய்க் களப்பு, தெற்கே யான் ஓயா கடலிற் கலக்கின்றது. இதன் கரைமணலில் இல்மனைற், றூட்டைல், சேர்க்கன் முதலிய கனியங்கள் செறிந்துள்ளன. அவற்றை அகழ்வதற்கென 1957 இல் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. மீனும் இறாலும் நண்டும் இவ்வூருக்குக் குறைவில்லாதவை. மழையோ ஐப்பசி முதல் தை வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றை நம்பியது. மாரி கழிந்து கச்சான் வீசத் தொடங்கியதும் மண் காய்ந்துவிடும். கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா ஆகிய மலைநாட்டு மரக்கறிகள் தம்புள்ளை போன்ற மொத்தச் சந்தைகளைக் கடந்து, வெயிலில் வாடி, விலை ஏறியே இத்தகைய கரையோர ஊர்களை அடைகின்றன. அதே வேளையில், வேலியோரத்து முருங்கையும் ஈரநிலத்துப் பொன்னாங்காணியும் வல்லாரையும் வீட்டுக் கொல்லையின் அகத்தியும் பயிற்றையும் பூசணியும் உலர்வலயத்துக்கு இயல்பானவை. கடலின் கொடையும் தொலைச்சந்தையின் விலையும் வேலியோரத்துச் செல்வமும் ஒருங்கே காணப்படும் இச்சூழலிற் சுவைக்கல்வி பற்றிய வினாக்கள் கூர்மை பெறுகின்றன.

சுவை அவரவர்க்குரியது, அதிற் பிறர் தலையிடல் ஆகாது என்பது முதலாவது தடை. தனிமனித சுதந்திரத்தைப் போற்றுவோர் இதனைக் கூறுவர். ஆனால் அச்சுதந்திரத்துக்குப் பெருந்துணையாக நின்ற ஜோன் ஸ்ருவாட் மில், 1859 இல் வெளியிட்ட தம் நூலிலே, இக்கோட்பாடு முதிர்ந்தோருக்கே பொருந்தும், பிறர் பராமரிப்பை வேண்டிநிற்கும் சிறுவருக்கன்று என்று வரையறுத்துவிட்டார். அதனினும் முக்கியமான விடை வேறொன்றுண்டு. எவரும் தொடாத தூய சுவை என ஒன்று எப்பிள்ளையிடத்தும் இல்லை என்பதே அது. கருப்பகாலத்தின் இறுதி மாதங்களில் கரட் சாறு பருகிய தாய்மாரின் குழந்தைகள், பின்னர் கரட் சுவையுள்ள தானிய உணவை ஏனைய குழந்தைகளைவிடக் குறைந்த முகச்சுளிப்புடன் ஏற்றன என்பதை ஜூலி மெனெல்லாவும் அவர்தம் குழுவினரும் 2001 இல் எடுத்துக்காட்டினர். கருவறையே முதலாவது வகுப்பறை எனில், தலையீடற்ற சுவையை எங்கே தேடுவது?

திருகோணமலை மாவட்டமே இதற்கொரு பெருஞ்சான்றாக விளங்குகின்றது. கோதுமை இலங்கையில் விளையும் பயிரன்று. எனினும் பாணும் கோதுமை மா ரொட்டியும் இத்தீவின் அன்றாட உணவாயின. இறக்குமதிக் கொள்கை, மானியம், கப்பற் போக்குவரத்து என்பனவே இம்மாற்றத்தைச் செய்தன. சீனக்குடாவில் எழுந்த பிறீமா மா ஆலை 1980களில் நாட்டின் கோதுமை மாத் தேவையின் பெரும்பகுதியை நிறைவேற்றியது. கோதுமையை உண்ணுமாறு எவரும் பாடசாலைகளிற் பாடம் நடத்தவில்லை. விலையும் வரவுமே ஆசிரியர்களாயின. போர்க்கால இடப்பெயர்வும் தன் பங்குக்குக் கற்பித்தது. முகாம்களில் வழங்கப்பட்ட உலருணவுப் பங்கீடு அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்பவற்றால் ஆனது. பசிய இலைக்கு அதில் இடமிருக்கவில்லை, இருக்கவும் இயலாது. கொல்லையையும் கிணற்றையும் விட்டு வந்தோரின் பிள்ளைகள் அப்பங்கீட்டின் சுவையிலேயே வளர்ந்தனர்.

இன்றைய ஆசிரியர் வேறொருவர். அவர் பொதியுணவு. பாடசாலை வாயிற் கடையிற் தொங்கும் வண்ணப் பொதிகளும் தொலைக்காட்சி விளம்பரங்களும் உப்பையும் சீனியையும் கொழுப்பையும் நாள்தோறும் கற்பிக்கின்றன. இதிலொரு வியப்பான முரணுமுண்டு. புல்மோட்டை மணலிற் கிடைக்கும் இல்மனைற் டைற்றேனியத்தின் மூலப்பொருள்களுள் ஒன்று. டைற்றேனியத்திலிருந்து பெறப்படும் வெண்ணிறமி பெரும்பாலும் வர்ணப்பூச்சுக்குப் பயன்படுவது; உலகின் பல பாகங்களில் இனிப்புப் பண்டங்களுக்கும் மெல்லும் பசைக்கும் பளிச்சிடும் வெண்மை ஊட்டவும் அது பயன்பட்டு வந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் அதனை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. ஓர் ஊரின் கரைமணல் கடல் கடந்து பண்டங்களுக்கு நிறமூட்டும் பொருளாக மாறக்கூடிய உலகில், அவ்வூர்ப் பிள்ளையின் சோற்றுத் தட்டிற் பச்சை நிறம் அரிதாகுமாயின், சுவை தனிமனித விருப்பம் என்று கூறி ஒதுங்குதல் நடுநிலைமையாகாது. ஆசிரியர் மௌனமாயிருந்தாற் பிள்ளை தானே தேர்ந்தெடுக்கின்றது என்பதன்று பொருள். விற்பனையாளர் தேர்ந்தெடுக்கின்றார் என்பதே பொருள். ஆகவே, சுவையைக் கற்பிக்கலாமா என்பது இங்கே உண்மையான வினாவன்று. யார், எதன்பொருட்டு, எவ்வாறு கற்பிப்பது என்பதே வினா.

உணவூட்டல் தாயின் கடமை, பாடசாலையின் கடமையன்று என்பது இரண்டாவது தடை. இதிற் பெரும் உண்மையுண்டு. புல்மோட்டையின் வீடுகளுக்குப் போசாக்கு அறிவே இல்லையென்று கருதுவோர் அவ்வீடுகளின் அடுப்படியை அறியாதோரே. முருங்கையிலையைத் தேங்காய்ப்பூவுடன் சுண்டுவதும், வல்லாரையைப் பச்சையாக அரிந்து தேசிக்காய்ப்புளி விட்டுச் சம்பலாக்குவதும், பூசணியைத் தேங்காய்ப்பாலிற் காய்ச்சுவதும் கிழக்கிலங்கைச் சமையலின் பொதுச்சொத்து. இலையிலுள்ள கரோட்டீன் உடலிற் சேரக் கொழுப்பு வேண்டும். அதனைத் தேங்காய் அளிக்கின்றது. இலையிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்பட உயிர்ச்சத்து ‘சி’ துணைசெய்யும். அதனைத் தேசிக்காய் அளிக்கின்றது. விஞ்ஞானம் பெயரிடுமுன்னரே கைப்பழக்கம் இதனைக் கண்டிருந்தது. இவ்வறிவை மதியாது, கரட்டையும் பீற்றூட்டையும் படத்திற் காட்டி ‘இவையே போசாக்கு’ என்று கற்பிக்கும் பாடம் இரட்டைத் தவறு செய்கின்றது. தொலைவிலுள்ளதை உயர்த்துகின்றது, அருகிலுள்ளதைத் தாழ்த்துகின்றது. வேலியில் நிற்கும் முருங்கை ஏழையின் கறி என்னும் எண்ணம் பிள்ளை மனத்தில் ஏற்கெனவே உண்டாயின், அப்பாடம் அதனை உறுதிசெய்துவிடும்.

இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. இலங்கைத் தமிழில் ‘மரக்கறி’ என்னுஞ் சொல் காய்கறியையும் குறிக்கும். புலால் உண்ணாமையையும் குறிக்கும். கடலை நம்பி வாழும் ஊரில் மரக்கறிக் கல்வி மீனுக்கு எதிரான பிரசாரமாக ஒலித்துவிடலாகாது. மீன் நல்லுணவு, அதன் பக்கத்திலே இலைக்கறியும் இருக்கவேண்டும் என்பதே கூறத்தக்கது. ஊரின் சமய மரபும் இக்கல்விக்குத் தடையன்று, துணையே. நபிகள் நாயகம் அவர்களுக்கு இளமையிற் பணிவிடை செய்த அனஸ் என்பார், தையற்காரர் ஒருவர் அளித்த விருந்திலே நபிகளார் தட்டின் ஓரங்களிலிருந்து சுரைக்காய்த் துண்டுகளைத் தேடியெடுத்து உண்டதைக் கண்டு, அன்று தொட்டுத் தாமும் சுரைக்காயை விரும்பலானார் என்பது ஹதீஸ் நூல்களிற் பதிவான செய்தி. அங்கே கட்டளையுமில்லை, அறிவுரையுமில்லை. மதிக்கும் ஒருவர் மகிழ்ந்து உண்டார், இளையவர் அதனைக் கண்டார், சுவை பிறந்தது. சுவைக்கல்வியின் முழு முறையியலையும் இச்சிறு நிகழ்ச்சி அடக்கியுள்ளது எனின் மிகையாகாது.

ஆகவே வீடும் பாடசாலையும் ஒன்றையொன்று விலக்கும் உரிமையாளர்களல்ல. வீடு அறிந்ததைப் பாடசாலை கனப்படுத்தல் வேண்டும். வீட்டால் இயலாததைப் பாடசாலை நிறைவுசெய்தல் வேண்டும். இயலாதது எது என்பதே மூன்றாவதும் மிகக் கனமானதுமான தடைக்கு இட்டுச்செல்கின்றது.

வறுமையே அது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது, கமக்காரருக்கு ஏற்பட்ட நட்டம் நீங்கவில்லை. அதனைத் தொடர்ந்து வந்த பொருளாதார நெருக்கடியில், 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. நெருக்கடிக்கு முன்னரும் நிலைமை செம்மையானதன்று. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதோர். ஏறத்தாழ 15 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையில்லாதோர். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2003 இல் வெளியிட்ட அறிக்கை, ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழங்களும் மரக்கறிகளும் உண்ணவேண்டும் என்று பரிந்துரைத்தது. கடலுக்குப் போகாத நாளிற் கூலியில்லாத குடும்பத்தின் பிள்ளையிடம் இவ்வளவைக் கூறுதல் எத்தகைய செயல்?

இவ்விடத்தில் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டிய வேறுபாடு துணைபுரிகின்றது. நோன்பிருப்பவரும் பட்டினி கிடப்பவரும் உண்ணாதிருக்கும் நிலையில் ஒத்தவரே. ஆயினும் முன்னவர் உண்ணக்கூடியவராயிருந்தும் உண்ணாதிருக்கின்றார். பின்னவருக்கு அத்தெரிவே இல்லை. றமழான் மாதத்தில் நோன்பைப் பழகும் புல்மோட்டைப் பிள்ளை இவ்வேறுபாட்டை நூலின் துணையின்றியே உணரும். பசியை அடக்கப் பழகுதலும் உணவின்றி வாடுதலும் ஒன்றல்ல. இதனை மரக்கறிக்குப் பொருத்தினால் ஓர் உண்மை புலப்படும். ‘என் பிள்ளை கீரை உண்ணாது’ என்னும் கூற்று, கீரை நாள்தோறும் முன்வைக்கப்படும் வீட்டில் ஒரு விருப்பைக் குறிக்கும். முன்வைக்கப்படாத வீட்டில் அது எதனையுமே குறிக்காது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை, வைக்கப்பட்ட தட்டின் முன்னிருப்பவருக்கே உண்டு.

எனவே உணவில்லாத போசாக்குக் கல்வி, அறத்தின்பாற் பட்டதன்று. அது அறிவைக் கொடுப்பதுபோலத் தோன்றிப் பழியைக் கொடுத்துச் செல்கின்றது. சமுதாயத்தின் பங்கீட்டுக் குறை, பிள்ளையின் அறியாமையாகவும் தாயின் கவனக்குறைவாகவும் பெயர்மாற்றம் பெறுகின்றது. சாப்பாட்டுப் பெட்டியை வகுப்பின் முன் திறந்து காட்டச்செய்து, மரக்கறி கொண்டுவந்த பிள்ளையைப் பாராட்டி, வெறும் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்த பிள்ளையை மௌனத்தால் தண்டிக்கும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின், அங்கே கற்பிக்கப்படுவது போசாக்கு அன்று, வெட்கம்.

பாடசாலை தான் கற்பிப்பதைத் தானே பிள்ளையின் கையில் வைத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். இக்கருத்து தமிழுலகுக்குப் புதியதன்று. சென்னை மாநகராட்சி 1920 இல், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பாடசாலையொன்றிற் பகலுணவை வழங்கத் தொடங்கியது. காமராசர் 1956 இல் அதனை மாநிலம் எங்கும் பரவச்செய்தார். எம்.ஜி. இராமச்சந்திரன் 1982 இற் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டெம்பரில் அங்குக் காலையுணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. இலங்கையிலும் இலவசக் கல்வியின் வரலாற்றோடு இலவச உணவின் வரலாறும் பிணைந்துள்ளது. பாடசாலை விசுக்கோத்தையும் பணிசையும் ஒரு தலைமுறை இன்றும் நினைவுகூரும். 1973 இல் தொடங்கிய திரிபோஷா தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. 2024 மார்ச்சிற் பாடசாலை உணவுத் திட்டம் ஆரம்பப் பிரிவு மாணவர் ஏறத்தாழ 16 இலட்சம் பேருக்கும் விரிவாக்கப்பட்டது. பசியைத் தணித்தலே இத்திட்டங்களின் முதல் நோக்கம், அது சரியானதே. ஆனால் ஒரே பானையிலிருந்து பலரும் உண்ணும் அந்நேரமே சுவைக்கல்விக்கும் ஏற்ற நேரம் என்பது போதிய அளவு உணரப்படவில்லை. சோற்றைப் பரிமாறும் கடமை ஒருவருக்கும், போசாக்குப் பாடம் நடத்தும் கடமை இன்னொருவருக்கும் எனப் பிரிந்துவிடும்போது, தட்டு பேசாது, பாடம் சுவைக்காது.

யப்பான் இதற்கொரு நல்ல எடுத்துக்காட்டு. 1954 இற் பாடசாலை உணவுச் சட்டத்தையும் 2005 இல் உணவுக் கல்வி அடிப்படைச் சட்டத்தையும் அந்நாடு இயற்றியது. அங்கே மாணவர் முறைவைத்துத் தம் வகுப்பினருக்குத் தாமே பரிமாறுகின்றனர். ஆசிரியரும் அதே உணவை அவர்களோடிருந்து உண்கின்றார். உணவு வேளை கல்வியின் இடைவேளையன்று, கல்வியின் ஒரு பகுதி என்பது அதன் கருத்து.

இனி, எவ்வாறு கற்பிப்பது என்னும் வினா எஞ்சியுள்ளது. முறை என்பது வெறும் உத்தியன்று. முறையிலேயே அறம் உறைகின்றது. அறியாத உணவை அஞ்சுதல் சிறு பிள்ளையின் இயல்பு. அவ்வச்சத்தைத் தணிப்பது எது என்பதை அமெரிக்க உளவியலாளர் லீன் பேர்ச்சும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். பார்த்தல் மாத்திரம் போதாது, திரும்பத் திரும்பச் சிறிதளவு சுவைத்தலே விருப்பை வளர்க்கும் என்பது 1987 இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. சுவரில் தொங்கும் மரக்கறிப் படங்களின் எல்லையை இம்முடிவு காட்டிவிடுகின்றது. வற்புறுத்தலின் விளைவையும் அவ்வழியினர் ஆராய்ந்தனர். குடிக்குமாறு நெருக்கப்பட்ட சிறார் சூப்பைக் குறைவாகவே குடித்தனர், அதனைப் பற்றிக் கூடுதலாகக் குறைகூறினர் என்று 2006 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஓர் உணவைப் பரிசுக்கான வழியாக்கினால் அவ்வுணவின் மீதுள்ள விருப்பு குறையும் என்பது 1984 இல் அவர்கள் கண்ட முடிவு. மறுபுறம், சிறிதளவு சுவைத்தற்கு ஒட்டுப்படம் போன்ற சிறு பரிசளித்தல் தீங்கின்றிப் பயன்தந்தது என்று லூசி குக்கும் அவர்தம் குழுவினரும் பிரித்தானியாவில் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. பரிசின் பயன் பற்றிய வாதம் இவ்வாறு இருபுறமும் செல்லினும், வற்புறுத்தல் பயனற்றது என்பதில் ஐயமில்லை.

பயன் ஒருபுறமிருக்க, இவற்றின் அறப்பொருள் யாது? கையிற் பிரம்புடன் ஊட்டப்படும் கீரை, வலியவர் சொன்னால் விழுங்கவேண்டும் என்னும் பாடத்தையே ஊட்டுகின்றது. இனிப்பைக் கைக்கூலியாகக் காட்டி ஊட்டப்படும் கீரை, கீரை துன்பம், இனிப்பே இன்பம் என்னும் பாடத்தை ஊட்டுகின்றது. இரண்டிலும் கீரை வயிற்றுட் சென்றாலும் மனத்துட் செல்லவில்லை. எதனை, எப்போது, எவ்விடத்தில் வைப்பது என்பது பெரியோர் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் பொறுப்பு என்று அமெரிக்கப் போசாக்கு அறிஞர் எலின் சாட்டர் வகுத்த பாகுபாடு இவ்விடத்திற் பொருத்தமானது. வைத்தல் கடமை, ஏற்றல் சுதந்திரம். இவ்விரண்டும் ஒருங்கே காக்கப்படும்போதுதான் சுவைக்கல்வி கல்வி என்னும் பெயருக்கு உரியதாகும்.

தோட்டக்கல்வியும் இத்தொடர்பில் எண்ணத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே இலங்கைப் பாடசாலைகளில் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. காந்தியடிகள் 1937 இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையும் பயிர்த்தொழிலையும் கல்வியின் நடுவில் வைத்தது. அதற்கும் முன்னர், 1762 இல், ரூசோ தம் ‘எமிலி’ல் ஒரு கதை கூறினார். சிறுவன் எமில் அவரையை விதைத்து நாள்தோறும் நீரூற்றுகின்றான். ஒருநாள் செடிகள் பிடுங்கப்பட்டுக் கிடக்கின்றன. பிடுங்கிய தோட்டக்காரனோ, தான் அங்கே முன்னரே விதைத்திருந்த முலாம்பழ விதைகளைச் சிறுவன் அழித்துவிட்டான் என்று முறையிடுகின்றான். உடைமையைக் கற்பிக்க ரூசோ இதனைக் கூறினார். ஆயின் இதில் இன்னொரு பாடமும் உண்டு. நீரூற்றியவனுக்கே செடியின் அருமை தெரியும்; அதனூடாகப் பிறர் நீரூற்றிய செடியின் அருமையும் தெரியும். தான் நட்ட வெண்டியைப் பறித்துண்ணும் பிள்ளைக்கு அது பாடநூலின் மரக்கறியன்று. அதற்கொரு வரலாறு உண்டு, அவ்வரலாற்றிற் தனக்கொரு பங்கு உண்டு.

புல்மோட்டையிற் பாடசாலைத் தோட்டம் ஊரின் பருவத்தோடு இயைதல் வேண்டும். மழை தொடங்கும் ஐப்பசியில் விதைத்தாற் பயிற்றையும் வெண்டியும் கத்தரியும் மாரி நீரிலேயே வளரும். கச்சான் காலத்துக்கு முருங்கையும் அகத்தியும் போன்ற வறட்சி தாங்கும் மரங்களே துணை. மணற்பாங்கான நிலத்துக்கு இலைக்குப்பையும் சாணமும் வேண்டும். வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் கைகழுவும் குழாயடியின் ஈரமே போதும். நீர் அரிதான ஊரில் அதுவே ஒரு பாடமாகும். ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தோட்டம் பிள்ளையின் உழைப்பைச் சுரண்டும் இடமாகிவிடலாகாது. தண்டனைக்குரிய இடமாகவும் ஆகிவிடலாகாது. பிந்தி வந்த மாணவனைப் புல்லுப் பிடுங்க அனுப்பும் பாடசாலை, மண்ணை வெறுக்கக் கற்பிக்கின்றது.

இவை யாவும் நிறைவேற ஆசிரியருக்கு நேரம் எங்கே என்று வினவுவாருமுளர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை ஆரம்பப் பிரிவின்மீது நிழலெறிந்து நிற்கின்றது என்பதும், சுவைத்தலுக்குப் புள்ளியில்லை என்பதும் உண்மையே. ஆயின் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்னும் பாடம் ஏற்கெனவே உள்ளது. பாடசாலை உணவும் உள்ளது. பிள்ளைகள் உண்ணும் அரைமணி நேரமும் உள்ளது. புதிதாக வேண்டுவது பாடமன்று, ஆசிரியர் அத்தட்டின் அருகில் உட்காருதலே. சிற்றுண்டிச்சாலைகளில் எவை விற்கப்படலாம் என்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் விதித்துள்ளன. 2016 முதல் மென்பானப் போத்தல்கள் தம் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டவேண்டும் என்னும் விதியும் உண்டு. தடுக்கும் விதிகள் நன்றே. ஆனால் ஒன்றைத் தடுத்துவிட்டால் மற்றொன்று தானே விரும்பப்படும் என்பதற்கில்லை. தடையினால் விலக்கு பிறக்கும்; விருப்பு உடனுண்ணலாற் பிறக்கும்.

தொகுத்து நோக்கின், சிறாரின் சுவையைச் சமுதாயம் எப்போதும் கற்பித்தே வந்துள்ளது. கோதுமையால், பங்கீட்டால், பொதிகளால் அது கற்பித்தது. ஆகவே பாடசாலை அதிற் பங்குகொள்ளல் அத்துமீறலன்று. வீட்டின் அறிவை இழிவுசெய்யாமல், முருங்கைக்கும் பொன்னாங்காணிக்கும் உரிய இடத்தை அளித்துக் கற்பித்தல் அதன் கடமை. எனினும் அக்கடமைக்கு முந்திய கடமையொன்று உண்டு. பிள்ளையிடம் எதனை உண்ணச் சொல்கின்றதோ, அதனைப் பாடசாலையும் அரசும் முதலிற் பிள்ளையின் தட்டில் வைத்தல் வேண்டும். வைத்தபின் கையைப் பிடித்து ஊட்டாது விடுதல் வேண்டும். இவ்விரண்டில் முதலாவது இல்லாத கல்வி வறியோரைப் பழிக்கும் வாய்ச்சொல்லாகும். இரண்டாவது இல்லாத கல்வி சிறியோரை அடக்கும் ஆணையாகும். கனிய மணலைக் கப்பலேற்றி அனுப்பும் அக்கரையிலே, ஒரு பிள்ளை தன் முன் வைக்கப்பட்ட வல்லாரைச் சம்பலை முதல் நாள் விலக்கி, ஐந்தாம் நாள் நுனிநாவில் வைத்து, பத்தாம் நாள் தானே இன்னொரு கரண்டி கேட்குமாயின், அங்கே நடந்தது போசாக்கு மாத்திரமன்று. தெரிவு செய்யவல்ல ஒரு மனிதர் அங்கே உருவாகியுள்ளார். அவ்வுருவாக்கமே கல்வியின் பயன்.